இடி மழையும் நெட் கேபிளும்: வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வானம் கருத்துக்கொண்டு வந்தால் வேலூர்க்காரர்கள் இரண்டு வேலை செய்வார்கள். மாடியில் காயும் துணியையும் வடகத்தையும் அள்ளிக்கொண்டு வருவார்கள், டிவி பிளக்கைப் பிடுங்குவார்கள். ரவுட்டருக்குப் பின்னால் செருகியிருக்கும் நெட் ஒயர் யார் ஞாபகத்துக்கும் வராது. மறுநாள் காலையில் ரவுட்டரில் பவர் விளக்கு எரியும், வைஃபை பெயரும் போனில் தெரியும், நெட் மட்டும் வராது. கேபிள்காரரைக் கூப்பிட்டால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இடியில போர்ட் போயிடுச்சு சார், வேற வாங்கிடுங்க" என்பார். சில வீடுகளில் ரவுட்டரோடு நிற்காது. அதிலிருந்து ஒயர் போகும் டிவி, கம்ப்யூட்டர், கேமரா பெட்டி எல்லாம் வரிசையாகப் போயிருக்கும்.

புதிதாக வீடு கட்டிக் குடிபோனவர்களுக்கும், காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் வாடகைக்கு வந்திருப்பவர்களுக்கும் பயன்படும்படி இதை எழுதுகிறேன். பழைய வட ஆற்காட்டின் மற்றப் பகுதிகளான ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் இதே கதைதான். எலக்ட்ரிக்கல் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மெயின் போர்டைத் திறக்கும் வேலை எதுவாக இருந்தாலும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

எப்படி உள்ளே வருகிறது

மின்னல் உங்கள் வீட்டு மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. நேராக விழுந்தால் நான் சொல்லப்போகும் எதுவும் முழுதாகக் காப்பாற்றாது. அதற்குக் கட்டடத்துக்கே இடிதாங்கி வேண்டும், அது தனி விஷயம். பெரும்பாலும் நடப்பது வேறு. நாலு தெரு தள்ளி ஒரு தென்னை மரத்திலோ செல்போன் டவரிலோ விழும். சாதாரணமாக ஒரு மின்னலில் பாயும் கரண்ட் சுமார் 30,000 ஆம்பியர். சில மைக்ரோ வினாடியில் அது உச்சத்துக்குப் போய்விடுவதால், அக்கம்பக்கத்தில் நீளமாகக் கிடக்கும் செம்புக் கம்பி எல்லாவற்றிலும் வோல்டேஜ் தூண்டப்படும். மாடிக்கு மாடி தாவி வரும் லேன் கேபிள் இதற்கென்றே இழுத்துவிட்டதுபோல் அமைந்துவிடுகிறது.

இன்னொரு வழி மண். 30,000 ஆம்பியர் 10 ஓம் தடையுள்ள மண்ணில் இறங்கினால் அந்த இடத்தில் 3,00,000 வோல்ட் ஏறும். தள்ளிப் போகப் போக அது குறையும். அதனால் அந்தக் கணத்தில் உங்கள் வீட்டு எர்த்தும், கேபிள்காரரின் சுவிட்ச் இருக்கும் வீட்டின் எர்த்தும் ஒரே வோல்டேஜில் இருக்காது. நம் ஊரில் இது கொஞ்சம் அதிகமாகவே நடக்கும். சுற்றிலும் கருங்கல் மலை. பல இடங்களில் நாலடி தோண்டினால் பாறை. பாலாற்றங்கரையில் மணல், அதுவும் கோடையில் காய்ந்து கிடக்கும். பாறையும் காய்ந்த மணலும் மின்சாரத்தை எளிதில் வாங்கிக்கொள்ளாது.

ரவுட்டரைப் பாருங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறது: அடாப்டர் வழியாக ஈபி லைனில் ஒன்று, நெட் கேபிள் வழியாகப் பக்கத்துத் தெருவில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்தால் அது ரவுட்டருக்குள்தான் பாய்ந்தாக வேண்டும். லேன் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் 1,500 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் போனால் ஓட்டை விழும்.

ஆக, செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. வெளியிலிருந்து வரும் செம்பை வீட்டுச் செம்போடு சேரவிடாமல் வெட்டிவிடுவது. முடியாவிட்டால், வீட்டுக்குள் வரும் எல்லாச் செம்பையும் ஒரே எர்த்தில் சேர்த்துக் கட்டி, எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும்படி செய்வது. முதல் வழி மலிவு, நம்பகமானது. நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

முதலில் மாடிக்குப் போய் ஒயரைப் பாருங்கள்

வெயில் தாழ்ந்த பிறகு, மழை இல்லாத நாளாகப் பார்த்து மாடி ஏறுங்கள். வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு ஒயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஈபி லைன், நெட், டிஷ் அல்லது கேபிள் டிவி ஒயர், பழைய லேண்ட்லைன் இருந்தால் அது, கேட்டுக்கு மேல் இருக்கும் கேமராவின் ஒயர், சோலார் பேனல் இருந்தால் அதன் ஒயர், தோட்டத்து போர் மோட்டாருக்குப் போகும் ஒயர். நெட் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஐந்தாறு எழுதிக்கொண்டு இறங்குவார்கள்.

நெட் ஒயர் செம்பா, ஃபைபர் எனும் கண்ணாடி இழையா என்பதை முனையைப் பார்த்தே சொல்லிவிடலாம். உருண்டையான ஒயர், கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் முனை, அதற்குள் எட்டுப் பித்தளை நிறப் பற்கள் தெரிந்தால் அது லேன் கேபிள், செம்பு. மெல்லிய கறுப்புத் தட்டை ஒயராக வந்து, பச்சையோ நீலமோ ஆன சதுர முனையில் முடிந்தால் ஃபைபர். லேன் கேபிளாக இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள். பல தெருக்களில் இரண்டு மூன்று வீடு தள்ளி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டில் கம்பியால் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போய் முடியும். உள்ளே எட்டு போர்ட் சுவிட்ச், தலைகீழாகத் தொங்கும் அடாப்டர், பல்லி முட்டை, எறும்புப் புற்று. ஃபைபர் அந்தப் பெட்டி வரைக்கும் வந்திருக்கும். அங்கிருந்து எட்டு வீட்டுக்கும் செம்பு. "உங்களுக்கு ஃபைபர்தான் சார் குடுத்திருக்கோம்" என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எட்டு வீடும் ஒரே சுவிட்சில் கோத்திருப்பதால், ஒரு வீட்டு ஒயரில் வந்தது மற்ற ஏழு வீட்டுக்கும் போகலாம்.

ஃபைபரை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரச் சொல்லுங்கள்

கேபிள்காரரிடம் கேட்க வேண்டியது இதுதான்: மாடிப் பெட்டியிலிருந்து லேன் கேபிள் வேண்டாம், வீட்டுக்குள் மோடம் வரை ஃபைபர் வேண்டும். இப்போது பல இடங்களில் கேட்டால் செய்து தருகிறார்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது, அந்த வாசல் அதோடு மூடிவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தெருவில் தொங்கவிடும் கறுப்பு ஃபைபர் ஒயரின் ஓரத்தில் இழுவைக்காக ஒரு இரும்புக் கம்பி சேர்ந்தே வரும். அந்தக் கம்பியை வெளிச்சுவரில் கொக்கி போட்டுக் கட்டி அங்கேயே வெட்டிவிட வேண்டும். இழை இருக்கும் பகுதி மட்டும் உள்ளே வரட்டும். இது அவர்களுக்குத் தெரிந்த வேலைதான். அவசரத்தில் முழு ஒயரையும் ஜன்னல் வழியாக அப்படியே உள்ளே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. அதனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஃபைபர் கிடைக்காது என்று கைவிரித்தால் மீடியா கன்வர்ட்டர் இருக்கிறது. உள்ளங்கை அளவுப் பெட்டிகள் இரண்டு. வெளியிலிருந்து வரும் லேன் கேபிளை முதல் பெட்டியில் செருக வேண்டும். அதிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் ஃபைபர் ஒயர் இரண்டாவது பெட்டிக்குப் போகும். அங்கிருந்து குட்டி லேன் கேபிள் ரவுட்டருக்கு. நடுவில் கண்ணாடி. இடி வந்தால் முதல் பெட்டி போகும். போகட்டும், பலி கொடுக்கத்தான் அது இருக்கிறது. வாங்கும்போது ஜோடியாகவே வாங்குங்கள். ஒரே இழையில் போய்வரும் வகையில் ஒன்றின் மேல் ஏ என்றும் மற்றதன் மேல் பி என்றும் இருக்கும், இரண்டு ஏ வாங்கினால் வேலை செய்யாது. உங்கள் பிளான் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டினால் கிகாபிட் வகை வாங்குங்கள். முனை நீலத்துக்கு நீலம், பச்சைக்குப் பச்சை, மாற்றிச் செருகக் கூடாது. இணைப்பில் இருக்கும் ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் வேண்டாம், உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

இரண்டு பெட்டியின் அடாப்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிவிட்டால் பாதிப் பயன் போய்விடும். ஃபைபர் வெட்டிய தொடர்பை ஈபி ஒயர் ஒட்டவைத்துவிடும். முதல் பெட்டியை ஒயர் நுழையும் இடத்திலேயே வைத்து, வேறு பிளக்கில் தனியாகச் செருகுங்கள்.

எர்த்

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் அதிகம் கை வைக்க முடியாது. சொந்த வீட்டுக்காரர்கள் நிதானமாகப் படியுங்கள். கெடுதல் அதிகம் நடப்பது இங்கேதான்.

மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். பிளக்கில் செருகினால் எர்த் இல்லாத பாயின்ட்டைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் எர்த் நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது. பழைய வீடுகளில் எர்த் ஒயரே இழுக்காமல், நியூட்ரலை எடுத்து எர்த் பின்னில் கட்டிவைத்திருப்பார்கள். டெஸ்டரில் எல்லாம் சரியாகத் தெரியும். உண்மையில் அது ஆபத்து, நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியனை விட்டு இரண்டு பாயின்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது டிரிப் ஆனால் எர்த் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பட்டன் ஆர்சிசிபியைத்தான் சோதிக்கிறது, எர்த் குழியை இல்லை.

குழி விஷயத்துக்கு வருவோம். எர்த்திங்குக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 3043 படி, குழியில் இறக்கும் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) குறைந்தது 38 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும். பாறை தட்டுகிறது என்று மூன்றடியிலேயே பைப்பை வெட்டிப் புதைத்து, மேலே சிமென்ட் பூசி மறைத்துவிடுவது இங்கே சகஜம். பாறை வந்தால் செய்ய வேண்டியது வேறு. இடம் மாற்றிக் குழி போடலாம், அல்லது பட்டைக் கம்பியை நீளவாக்கில் பள்ளம் வெட்டிப் புதைக்கலாம், அல்லது இரண்டு மூன்று குழி போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கலாம். பென்டோனைட் எனும் களிமண் பொடி போட்டு மூடினால் ஈரம் நிற்கும். உப்பும் கரியும் போடுவது பழைய முறை, அதுவும் வேலை செய்யும். ஆனால் உப்பு பைப்பை அரிக்கும், மழையில் கரைந்தும் போகும், சில வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். குழிக்கு மூடி வைத்து, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அளப்பதாக இருந்தால் எர்த் டெஸ்டர் வைத்து மே மாதத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் அளந்தால் எந்தக் குழியும் நல்ல குழியாகத்தான் தெரியும். 10 ஓமுக்குக் கீழே வந்தால் நல்லது.

"நெட்டுக்குத் தனி எர்த் போட்டுட்டா சேஃப்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டுக்கு ஒரு எர்த், நெட்டுக்கு இணைக்காத இன்னொரு எர்த் என்று இரண்டு இருந்தால், மேலே சொன்ன வித்தியாசத்தை நாமே காசு கொடுத்து உண்டாக்கியதாகும். குழி எத்தனை இருந்தாலும் சரி, எல்லாம் கம்பியால் இணைந்து, மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரே எர்த் பட்டையில் சேர வேண்டும். குழியின் ஓம் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பதைவிட இந்த இணைப்புதான் முக்கியம்.

எஸ்பிடியும் லேன் புரொடெக்டரும்

எஸ்பிடி என்பது சர்ஜை, அதாவது லைனில் திடீரென்று பாய்ந்து வரும் வோல்டேஜை, எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி. மெயின் போர்டில் எம்சிபிக்குப் பக்கத்தில் உட்காரும். வீட்டுக்கு டைப்-2 வகை போதும். மேலே தனி இடிதாங்கி இருக்கும் கட்டடம் என்றால் டைப்-1ம் சேர வேண்டும். நம் பக்கத்து வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கு 275 வோல்ட்டைவிட 320 வோல்ட் என்று போட்டதை வாங்குவது நல்லது. 20 கிலோ ஆம்பியர் நாமினல், 40 கிலோ ஆம்பியர் உச்சம் என்ற அளவில் கேளுங்கள். சிங்கிள் பேஸ் வீட்டில் பேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும்.

மாட்டும்போது ஒயர் நீளத்தைப் பாருங்கள். லைனிலிருந்து எஸ்பிடிக்கும், எஸ்பிடியிலிருந்து எர்த் பட்டைக்கும் போகும் ஒயர் இரண்டும் சேர்ந்து அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. மின்னல் வேகத்தில் ஏறும் கரண்டுக்கு ஒவ்வொரு மீட்டர் ஒயரும் சுமார் 1,000 வோல்ட் கூட்டிவிடும். மிச்ச ஒயரை அழகாகச் சுருட்டிப் போர்டுக்குள் வைத்துவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியன்களைப் பார்த்திருக்கிறேன். சுருட்டினால் இன்னும் மோசம், வெட்டச் சொல்லுங்கள்.

வெளியிலிருந்து செம்பு லேன் கேபிள் வருவதைத் தவிர்க்கவே முடியாதவர்களுக்கு லேன் சர்ஜ் புரொடெக்டர். இரண்டு பக்கமும் லேன் சாக்கெட், ஓரத்தில் ஒரு பச்சை ஒயர். அந்தப் பச்சை ஒயர்தான் முழு விஷயமும். வந்த சர்ஜை எர்த்துக்குத் திருப்பிவிடுவதற்காக அது இருக்கிறது. அதைச் சுருட்டி டேப் ஒட்டி, பெட்டியை ரவுட்டருக்குப் பின்னால் தொங்கவிட்டால் வெறும் ஜாயின்ட் பெட்டிதான். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், எர்த் பட்டைக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக வையுங்கள். கேமரா ஒயரில் போடுவதானால் பிஓஇ (லேன் கேபிளிலேயே கேமராவுக்குக் கரண்டும் கொடுக்கும் முறை) தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் அதில் 48 வோல்ட் ஓடும்.

ஸ்டெபிலைசர், எம்சிபி, இன்வெர்ட்டர் மூன்றும் இந்த வேலைக்கு இல்லை. அவை அசைவதற்குள் மின்னல் வந்து போய்விடும். ஸ்பைக் பஸ்டர் நல்லதாக இருந்தால் கொஞ்சம் உதவும், அதுவும் எர்த் உள்ள பிளக்கில் செருகினால்தான்.

டிவி, டிஷ், கேமரா

மாடியில் டிஷ், அதிலிருந்து ஒயர் செட்டாப் பாக்ஸுக்கு, அங்கிருந்து எச்டிஎம்ஐ டிவிக்கு, டிவிக்குப் பின்னால் ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள். இப்போது டிஷ்ஷும் நெட்டும் ஈபியும் டிவிக்குள் சந்திக்கின்றன. ஒரு வழியில் வந்தது மற்ற இரண்டு வழியிலும் போகும். டிவிக்கு வைஃபை கொடுத்துவிட்டு லேன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். படம் பார்க்க வைஃபை தாராளமாகப் போதும். டிஷ் ஒயரை வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எர்த் பிளாக் வழியாக விட்டு, அதே எர்த் பட்டையில் சேர்க்கலாம்.

கேமராக்களுக்குத் தனி சுவிட்ச் வையுங்கள். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக முப்பது மீட்டர் ஓடும் கேட் கேமரா ஒயர் வீட்டு ரவுட்டரில் நேராக வந்து சேரக் கூடாது. கேமரா சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒரு ஜோடி மீடியா கன்வர்ட்டர் போட்டால், போனாலும் கேமரா பக்கத்தோடு போகும். தோப்பு வீட்டுக்கோ எதிர்வீட்டுக்கோ நெட் இழுப்பவர்களும் ஃபைபரோ வயர்லெஸ்ஸோ போடுங்கள். ஷீல்டு (உலோக உறை) போட்ட லேன் கேபிள் பாதுகாப்பு என்று நம்பி இரண்டு கட்டடத்தை அதனால் இணைத்தால், அந்த ஷீல்டு வழியாகவே இரண்டு எர்த்துக்கும் நடுவே கரண்ட் ஓடும்.

மேகம் கருத்தால்

இவ்வளவு செய்த பிறகும் ஒயரைப் பிடுங்குவதுதான் ஆகச் சிறந்த பாதுகாப்பு. செலவும் இல்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதுவும் மீடியா கன்வர்ட்டரும் போதும். ஆனால் நேரம் முக்கியம். இடி தலைக்கு மேல் வந்த பிறகு லேன் கேபிளையோ டிஷ் ஒயரையோ தொடாதீர்கள். ரவுட்டர் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அப்போது ஒயரைத் தொடாமல் விட்டுவிடுங்கள். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி சுற்றுவட்டார மின்னலைக் காட்டும். போனில் போட்டுவைத்தால் முன்கூட்டியே எழுந்துபோய்க் கழற்றலாம்.

கழற்றும்போது பவர், நெட், டிஷ் மூன்றையும் கழற்ற வேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது, உள்ளே இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். கழற்றிய முனையை ரவுட்டர் மேலேயே போட்டுவைக்காமல் ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து மாட்டுங்கள். வெளியூர் போவதானால், ஆடி ஆவணி ராத்திரி மழைக் காலமானாலும் ஐப்பசி கார்த்திகையானாலும், கழற்றிவிட்டே கிளம்புங்கள். கேமரா ஓட வேண்டுமே என்று சிலர் தயங்குவார்கள், அது உங்கள் முடிவு.

அப்படியும் போய்விட்டால்

உடனே எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், பல நேரம் அது மட்டும்தான் போயிருக்கும். அப்புறம் டார்ச் அடித்து லேன் போர்ட்டுக்குள் பாருங்கள். பற்கள் கறுத்திருந்தாலோ தீய்ந்த வாடை அடித்தாலோ மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. வெளி நெட் ஒயர் செருகும் வான் (WAN) போர்ட் மட்டும் போய் மற்ற நான்கும் உயிரோடு இருந்தால், அந்த ரவுட்டரின் டிஎச்சிபியை (மற்றக் கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, அதன் ஐபி முகவரியையும் மாற்றிவைத்து, புது ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை மற்ற நான்கில் ஒன்றில் செருகினால் பின்கட்டு அறைக்கு வைஃபை கொடுக்கும். சில ரவுட்டர்களில் அமைப்புகளுக்குள் போய் ஒரு லேன் போர்ட்டையே வான் ஆக மாற்றிக்கொள்ளவும் முடியும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

வாரன்டியில் இடி பெரும்பாலும் சேராது. வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்கள் 'மின்னல்' என்ற சொல்லைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். அதிக வோல்டேஜால் மின்சாதனம் கெட்டால் தர மாட்டோம் என்ற விலக்கு கீழே சின்ன எழுத்தில் இருக்கக்கூடும். ஏஜென்ட்டிடம் அந்த வரியைக் காட்டி, ரவுட்டர், டிவிக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று எழுத்தில் கேளுங்கள். எஸ்பிடி போட்டவர்கள் பெரிய இடி மழைக்குப் பிறகு மெயின் போர்டின் வெளிக்கதவை மட்டும் திறந்து எஸ்பிடியின் சின்ன ஜன்னலைப் பார்க்க வேண்டும். பச்சை சிவப்பாகியிருந்தால் அது உங்களுக்காக அடி வாங்கி முடிந்துவிட்டது, அந்த கார்ட்ரிட்ஜை மட்டும் உருவிவிட்டு அதே அளவில் புதிது போட எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.